எருமைத் தொண்டை, ஓங்கில் தொண்டை

ஜனவரி 9, புதன்

மணப்பாட்டுக்குத் தெற்கே ஓங்கில் ஒன்று செத்து ஒதுங்கியிருக்கிறது. பத்தரை மணிக்கு வனத்துறையிலிருந்து போன் வந்தது. தலையையும் கழுத்தையும் எங்கள் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். மிச்சத்தை அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். மீன் வண்டியில் ஐஸ் போட்டு இருட்டுவதற்குள் வந்து சேரும். ஏழு வருடமாக எழுதிக் கேட்ட அனுமதி. எல்லாரும் டால்பின் என்கிறார்கள். நான் பிடிவாதமாக ஓங்கில் என்றே எழுதுவேன், கடற்கரைக்காரர்கள் சொல்லும் பெயர் அதுதான்.

மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த புது டைரி என்பதால் ஆட்களை முறையாக அறிமுகம் செய்துவிடுகிறேன். பத்து வருடம் கழித்துப் படித்தால் எனக்கே மறந்திருக்கும்.

நான் ஞானபுஷ்பம். கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியை. இருபத்தொன்பது வருடமாக எருமைத் தொண்டையை அறுத்துப் பாடம் எடுக்கிறேன். அடுத்த வருடம் மே மாதம் ஓய்வு. அதற்குள் மியூசியத்தில் ஒரே ஓர் அலமாரி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு ஜாடியில் எருமையின் மூச்சுப்பாதை, பக்கத்து ஜாடியில் ஓங்கிலின் மூச்சுப்பாதை. இரண்டும் குட்டி போட்டுப் பால் கொடுப்பவை, இரண்டும் காற்றைத்தான் இழுக்கின்றன. தொண்டை மட்டும் வேறு.

இவர் என் வீட்டுக்காரர் பொன்னுத்துரை. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. முப்பத்து நான்கு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டர். நான் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு ட்ரங்க் கால் புக் செய்யும்போது என் குரலைக் கேட்டுத்தான் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். "மத்தவனெல்லாம் மூஞ்சியப் பாத்துக் கெட்டான், நான் குரலக் கேட்டுக் கெட்டேன்" என்று இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்வார். பிள்ளைகள் இல்லை. தினமும் காலையில் கருப்பட்டிக் காபியோடு அரை மணி நேரம் அவருக்குப் பேப்பர் படிப்பேன். முதலில் மரண அறிவிப்பு, பிறகு மற்றது. அதுதான் எங்கள் குடும்ப ஜெபம் என்று பாஸ்டரம்மா கேலி செய்வார்கள்.

இன்று பாதிப் படிக்கும்போது, "ஏளா, சளி பிடிச்சிருக்கா? குரல் கம்மலா இருக்கே" என்றார். மார்கழிப் பனி என்றேன்.

ஜனவரி 10, வியாழன்

எல்லாம் போயிற்று. எழுதவே கை வரவில்லை.

போஸ்ட்மார்ட்டம் ஹாலில் நான் கதவோரம் தராசு பக்கம் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் மாசானம் தலையை மேசையில் மல்லாக்கப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். முப்பது வருட அனுபவம், எருமைத் தொண்டை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தாடைக்குக் கீழே இரண்டு கீறல், நாக்கை வெளியே பிடித்து ஒரே இழுப்பு. நாக்கு, குரல்வளை, மூச்சுக்குழல், உணவுக்குழல் எல்லாம் கொத்தாகக் கையில் வந்துவிடும்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது கத்தி உள்ளே போய்விட்டது. நிறுத்தச் சொன்னேன். எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இழுத்துவிட்டார்.

ஓங்கிலின் குரல்வளை எருமையுடையதைப் போலத் தொண்டையில் திறந்து நிற்பதில்லை. அதன் மேல்முனை வாத்தின் அலகு போல நீண்டு, மேலே மூக்குப் பாதைக்குள் செருகியிருக்கும். சுற்றிலும் ஒரு தசை வளையம் அதைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்தச் செருகல்தான் முழு விஷயமும். அதை அப்படியே காட்டத்தான் ஏழு வருடம் காத்திருந்தேன். கீழேயிருந்து இழுத்ததில் அலகு உருவிக்கொண்டு வந்து, வளையமும் கிழிந்துவிட்டது. இனி அந்தத் தலையை வைத்துக் கருவாடுகூடப் போட முடியாது.

மாசானம் தொண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு, "நல்லா வந்திருக்கும்மா" என்றார். அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் முடியவில்லை.

ஜனவரி 29, செவ்வாய்

தலை வீணானதற்கு டீன் விளக்கம் கேட்டிருந்தார். 'உதவியாளர் எச்சரிக்கையைச் செவிமடுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். மாசானத்துக்கு மெமோ. வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்றோடு பாடகர் குழுவிலிருந்து நின்றுகொண்டேன். வயதாகிறது, மேல் சுருதி எட்டவில்லை. முப்பது வருடம் பாடியாகிவிட்டது, சின்னப் பெண்கள் வரட்டும். சித்தரத்தையும் பனங்கற்கண்டும் வாங்கி வந்தேன், பார்மலின் நெடிக்குத் தொண்டை காய்கிறது. முப்பது வருடமாக அந்த நெடியில்தான் நிற்கிறேன் என்றாலும், இந்த வருடம் புது சரக்கு காரம் அதிகம்.

மார்ச் 14, வியாழன்

இன்று இவரோடு சண்டை. எழுதிவைத்துவிடுவது நல்லது.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"புஷ்பம், இது சளி இல்ல. ரெண்டு மாசமாச்சு. உன் குரல்ல ஒரு பக்கம் அசையல மாதிரி இருக்கு. உள்ள தாள் கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி. டாக்டர்ட்ட காட்டு."

அசையவில்லை என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. குரல் நாண் இரண்டு, வலது ஒன்று இடது ஒன்று என்று அவருக்கு யார் பாடம் எடுத்தது? எனக்குக் கோபம் வந்தது. கிளாஸ், மியூசியம், வீடு, எத்தனை என்றுதான் பார்ப்பேன்.

"என் குரல் எப்பவும் போலத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் காது மந்தமாயிட்டு. அறுபத்தி நாலு வயசாச்சுல்ல" என்றேன்.

அவர் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த டம்ளரை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்தார்.

மார்ச் 30, சனி

கண்ணில்லாதவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அதற்குப் பிறகு குரலைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. வீட்டில் நிம்மதி. இரண்டு குடம் உப்புத் தண்ணீர் அளவுக்குக் கொப்பளித்தாயிற்று.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனையில் ஒரு பகுதியை நான் வாசிப்பது வழக்கம். இந்த வருடம் வாசிக்கவில்லை. பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டார்கள். "இவருக்குக் காது சரியா கேக்கல, அந்தக் கவலையிலயே இருக்கேன், மனசு ஓடல" என்றேன். வாயில் அதுதான் வந்தது. பாஸ்டரம்மா இவர் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, காதுக்காக ஜெபிக்கேன்" என்று சத்தமாகக் கத்திச் சொன்னார்கள்.

இவர், "மெதுவாவே சொல்லுங்கம்மா, கேக்கு" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "கொஞ்சம் கொறைவுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மே 6, திங்கள்

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். இவர் நான் வந்ததைக் கவனிக்கவில்லை, செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தேன். கைக்கடிகாரத்தை வலது காதில் வைத்தார். பிறகு கையைத் தூர நீட்டிக் கேட்டார். பிறகு இடது காது. தூரம் அளந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் உதடு எண்ணியது.

நான் வெளியே போய், கதவைச் சத்தமாகத் திறந்துகொண்டு திரும்ப உள்ளே வந்தேன். முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். அவர் இரண்டாவது முறை சோறு வாங்கவில்லை.

மே 23, வியாழன்

கல்லூரியில் மாடிப் படி ஏறும்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அக்னி நட்சத்திரம் முடிந்தால் சரியாகிவிடும். லிஃப்டுக்கு எழுதிக் கேட்டு நான்கு வருடமாகிறது.

ஜூன் 6, வியாழன்

இன்னொரு ஓங்கில். பெரியதாழையில். கடவுளே என்று கத்த வேண்டும் போலிருந்தது, மெல்லிய காற்றுத்தான் வந்தது. தலையை நேராக உறைபெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டேன். நான் இல்லாமல் யாரும் கத்தியைத் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியாயிற்று.

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை வரி வரியாக எழுதிவைக்க வேண்டும்.

நன்றாக உறைந்த தலையை மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தில் கொடுத்து நடு மூக்கு வழியே இரண்டாகப் பிளந்தோம். மாசானம் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. கழுவிப் பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. உச்சந்தலையில் மூச்சுத் துளை. அங்கிருந்து பாதை நேராகக் கீழே இறங்குகிறது. கீழேயிருந்து குரல்வளையின் அலகு நிமிர்ந்து அதற்குள் செருகி நிற்கிறது. சுற்றிலும் தசை வளையம். மூச்சு இந்தக் குழாய்க்குள்ளேயே போய் வந்துவிடும். மீன் அலகுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி வயிற்றுக்குப் போகும். காற்றும் இரையும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

மாசானத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் எருமைத் தலையின் பாதியை வைத்துக் காட்டினேன். எருமைக்கு வழி ஒரே முச்சந்தி. மூக்கிலிருந்து வரும் காற்றும் வாயிலிருந்து வரும் புல்லும் தொண்டையில் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒவ்வொரு விழுங்கலுக்கும் மூச்சை நிறுத்திக் கதவடைக்க வேண்டும். நமக்கும் அதே கதைதான், புரையேறுவது அதனால்தான்.

"அப்ப அதுக்குப் பொரயே ஏறாதாம்மா?"

"லேசுல ஏறாது."

"நம்மளவிட நல்லாத்தான் படைச்சிருக்கான்."

ஆனால் வாயால் மூச்சு விட அதற்கு வழியில்லை என்றேன். மூக்கு அடைத்தால் செத்தது. குரல்வளையால் சத்தம் போடவும் செய்யாது, அதன் சத்தமெல்லாம் மேலே, மூச்சுத் துளைக்குக் கீழே இருக்கும் இரண்டு உதடு போன்ற மடிப்பிலிருந்து வருகிறது. நமக்கும் எருமைக்கும்தான் முச்சந்தியில் நின்று கத்தும் வசதி.

மாசானம் நெடுநேரம் அலகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அன்னைக்கு நீங்க சத்தம் குடுத்தியளாம்மா? மெமோல அப்படித்தான் போட்ருந்துச்சு. நானும் எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்துட்டேன். அன்னைக்கு கரண்டு கெடையாது. ஃபேன் ஓடல."

நான் ஜாடி கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 24, திங்கள்

துப்பியதில் ஒரு நூல் அளவு ரத்தம். பல் ஈறு.

ஜூலை 8, திங்கள்

இவராகவே கேட்டார். ரேடியோவை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, வேலை கேட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஒரு காது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ புஷ்பம். கண்ணுதான் இல்ல, காதும் போயிட்டா நான் என்ன செய்வேன். இருக்கது எவ்வளவுன்னாவது தெரிஞ்சிக்கிடுதேன்."

முடியாது என்று எப்படிச் சொல்ல. வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். நான்கு மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்று இன்றைக்குத்தான் சொன்னார். எனக்குத் தெரியும்.

ஜூலை 11, வியாழன்

டாக்டர் ஷேக் மைதீன். காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் ஒரே போர்டு. அந்த போர்டை நான் பலமுறை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. அரை மணி நேரம்.

டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வயசுக்காரங்களுக்கே இப்படி வராது சார். உங்களுக்குக் காது கேக்கலேன்னு யார் சொன்னா?"

இவர் முகம் மலரவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. நல்ல செய்தி சொன்ன டாக்டரின் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு, ஏதோ கைவிட்டுப் போனதுபோல் அப்படியே இருந்தார்.

"ரொம்ப நன்றி டாக்டர், வீணா பயந்துட்டார்" என்று நான் எழுந்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், நீங்க கொஞ்சம் உட்காருங்க. எத்தனை நாளா இப்படிப் பேசுறீங்க?"

"ரெண்டு வாரமா. சளி."

"ஆறு மாசம் டாக்டர்" என்றார் இவர். "ஜனவரி ஒம்பதாம் தேதிலேர்ந்து. புதன்கிழம."

ஜூலை 13, சனி

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். திரையில் என் குரல்வளையை நானே பார்த்தேன். இடது நாண் அசையவே இல்லை. அதன்மேல் காலிஃபிளவர் கொத்து மாதிரி ஒன்று. மாணவன் ஒருவன் இதைக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். துளி கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 20, சனி

புற்று.

ஜூலை 26, வெள்ளி

மதுரையில் ஸ்கேன் எடுத்து, அங்குள்ள பெரிய டாக்டரையும் பார்த்தாயிற்று. கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, எடுக்காவிட்டால் மூச்சு அடைத்துப் போவேன். பார்மலினால் வந்ததா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முன்னாலயே வந்திருந்தா?"

"பிப்ரவரி மார்ச்ல வந்திருந்தா பெரும்பாலும் கதிர்வீச்சு மட்டுமே போதும். குரலும் நின்னிருக்கும்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார், நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கயத்தாறு தாண்டியும் விடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

செய்யப்போவது என்ன என்று எனக்கு நானே எழுதிப் பார்க்கிறேன், கிளாஸ் எடுப்பதுபோல்.

குரல்வளையை எடுத்துவிட்டு மூச்சுக்குழலை வளைத்துக் கழுத்தின் முன்பக்கம் ஒரு துளையில் தைத்துவிடுவார்கள். இனி மூச்சு அந்த வழி. வாய், மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பு அற்றுப்போகும். சோறு பழைய வழியில் போகும். முச்சந்தி மூடப்படும். புரையேறாது. இரண்டு வழியும் சந்திக்காது. தோலில் ஒரு மூச்சுத் துளை.

ஜூன் பன்னிரண்டாம் தேதி எழுதியதைப் புரட்டிப் படித்தேன். மேலே எழுதியதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஓங்கிலுக்குச் சத்தம் போட வேறோர் இடம் இருக்கிறது என்பதைத் தவிர. தொண்டையில் வைத்துப் பேசும் கருவி உண்டு, பழகினால் பேசலாம் என்கிறார்கள். ஒரு வீடியோ காட்டினார்கள். இயந்திரக் குரல், ஆணா பெண்ணா என்று தெரியாது. இவர் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எழுதிக் காட்டிக்கொள்ளலாம் என்று நர்ஸ் தைரியம் சொன்னாள். யாரிடம் என்று அவள் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் நான் பிரெய்ல் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு வாய் இருந்தது. இன்று முதல் பாடம். இவருடைய பழைய பலகை, கட்டைப் பிடி வைத்த ஊசி. "ஆறு புள்ளிதாம்ளா, நீ எத்தன எலும்பு மனப்பாடம் பண்ணினவ" என்கிறார். பின்பக்கமாகக் குத்த வேண்டும், வலமிருந்து இடம். நான் குத்தியதெல்லாம் தலைகீழ். விரலால் தடவிப் பார்த்து, "இது எந்த ஊர் பாஷ?" என்றார். பல நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சத்தமில்லாமல் வந்தது, அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

அலமாரி முடிந்தது. இடது ஜாடியில் எருமை, வலது ஜாடியில் ஓங்கில். காற்றுப் பாதைக்கு நீலச் சாயம், இரைப் பாதைக்கு மஞ்சள். எருமையில் நீலமும் மஞ்சளும் குறுக்கிட்டுக்கொள்கின்றன, ஓங்கிலில் இல்லை. பெயரட்டையில் தயாரித்தவர் என்று என் பெயருக்கு மேலே மாசானம் பெயரை எழுதினேன்.

டீனிடம் ஒரு கடிதமும் கொடுத்தேன். ஜனவரி 10 அன்று நான் எச்சரிக்கவில்லை, என் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை, ஃபேன் ஓடவில்லை, மெமோவை ரத்து செய்யவும். டீன் இரண்டு முறை படித்தார். பிறகு நான் மாசானத்தைப் பார்த்துச் சொன்னபோது அவர், "மெமோ கெடக்கும்மா, நீங்க நல்லபடியா வாங்க" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

இவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. வாய் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நாளை மறுநாள் சுதந்திர தினம், அதனால் நாளைக்கே ஆபரேஷன். மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இவர் கீழே கடைக்குப் போய்த் தடவித் தடவி வாங்கி வந்தது, பழக்கமான பேப்பர் இல்லை. என் குரலைச் செல்போனில் பதிவு செய்து தரவா என்று பக்கத்துக் கட்டில் பெண் கேட்டாள். இவர் வேண்டாம் என்றார். "நல்லாருந்தப்போ பண்ணிருக்கணும்" என்று சொல்லவில்லை, நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

மரண அறிவிப்பு முடிந்து, நகை விலை, தென்காசியில் மழை, எல்லாம் படித்தேன். ஒரு வரிக்கு மூன்று மூச்சு. விளம்பரங்களையும் விடவில்லை. கடைசிப் பக்கம் கீழே அச்சகத்தின் முகவரி வரை படித்தேன். பிறகு படிக்க ஒன்றும் இல்லை.

சொல்லவில்லை. அத்தான் என்று மட்டும் கூப்பிட்டேன். "சொல்லு" என்றார். ஒன்றுமில்லை என்றேன். என் குரலில் அவர் கேட்கப்போகும் கடைசி வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பேனா பிடிக்க முடிகிறது. மூக்கில் போட்ட உணவுக் குழாயை நேற்று எடுத்தார்கள். வாயால் கஞ்சி குடித்தேன், புரையேறவில்லை. எதிலும் வாசனை தெரியவில்லை.

செப்டம்பர் 4, புதன்

வீடு. காபி சூடாக இருந்தது. ஊதினேன், உதடு குவிந்தது, காற்று கழுத்தில் போயிற்று. இரண்டு டம்ளர் வைத்து ஆற்றிக் குடித்தேன்.

மேசையைத் தட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. பேப்பர்க்காரன் வழக்கம்போல் போட்டுவிட்டுப் போனான். இவர் எடுத்து மடி கலையாமல் நாற்காலிக்குக் கீழே வைத்தார். அங்கே ஏற்கெனவே, நாங்கள் இல்லாதபோது வந்த இருபது நாள் பேப்பர் அடுக்கியிருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து பிரெய்ல் பலகையோடு உட்கார்ந்திருந்தேன். நான்கு தாள் வீணாயிற்று. ஐந்தாவது தாளில் வந்தது. மூன்று வரி குத்த இரண்டு மணி நேரம்.

'உங்கள் காதில் குறை இல்லை. எனக்கு அப்போதே தெரியும். பயந்துபோய்ப் பழியை உங்கள் மேல் போட்டேன்.'

அவர் கையில் கொடுத்தேன். விரல் முதல் வரியில் மெதுவாகப் போயிற்று. இரண்டாவது வரியில் நின்றது, திரும்ப ஆரம்பத்துக்கு வந்து படித்தது. மூன்றாவது வரியை ஒரே தடவையில் படித்துவிட்டார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் கழுத்துத் துளையிலிருந்து மூச்சு உஸ் உஸ் என்று வந்துகொண்டிருந்தது, எனக்கே அது பெரிதாகக் கேட்டது.

"எனக்கும் தெரியும் புஷ்பம்" என்றார். "முப்பத்தி நாலு வருஷம் லைன் கேட்டவன். லைன்ல கோளாறா, போன்ல கோளாறான்னு எனக்குத் தெரியாதா. நீ எனக்குக் காது மந்தம்னு சொன்னப்போ நான் நம்பல. ஆனா நம்பணும்னு நெனச்சேன்."

சட்டைப் பைக்கு மேல் கை வைத்துத் தாளைத் தடவினார். பிறகு சொன்னார்.

"தெனமும் கடிகாரத்தக் காதுல வச்சிப் பாப்பேன். நேத்தைக்கு இன்னைக்கு கொறஞ்சிருக்கான்னு. கொறஞ்சிருக்கணும்னுதான் பாத்தேன். காது டாக்டர்ட்ட போனமே, அன்னைக்கு அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்காந்து வேண்டிக்கிட்டேன். ஆண்டவரே, எனக்குக் காது செவிடாயிருக்கட்டும். அவ குரல் நல்லாருக்கட்டும். கேக்கலன்னாலும் பரவால்ல, இருந்தாப் போதும். சத்தம் கேட்டும் ஒண்ணு ரெண்டுக்குப் பொத்தான அமுக்காம விட்டுப் பாத்தேன். அப்புறம் அது பொய்யாயிருமேன்னு அமுக்கிட்டேன்."

அன்றைக்கு அவர் முகம் ஏன் மலரவில்லை என்பது விளங்கிற்று. ஜூலை பதினொன்றாம் தேதிக்குக் கீழே அதை எழுதிவைக்க இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பலகையில் குத்தினால் மதியம் ஆகிவிடும். மேசையில் கை வைத்தேன். ஆமாம் என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு இரண்டு. இதற்கு எத்தனை என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். கழுத்துத் துளை வழியாக அழுகை எப்படி வரும் என்று எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை, அதுவும் வந்தது.

அவர் கையை நீட்டி, தேடி, தட்டிக்கொண்டிருந்த என் கையின் மேல் வைத்தார்.

"கேக்கு" என்றார். "நல்லா கேக்குளா. போதும்."